ராமானுஜன் கோட்டை விட்ட ஸ்காலர்ஷிப்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி அதிகம். தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ நடந்த ஒரு பஞ்சாயத்துதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

சித்தி பையன் பதினொண்ணாவது படிக்கிறான், அரசுப் பள்ளியில. காலாண்டுத் தேர்வு மார்க் வந்திருந்தது. கணக்குல 97. ஆங்கிலத்துல 31. வேதியியல்ல 38. சித்தி அந்த மார்க் அட்டையை என் கையில குடுத்துட்டு, "தம்பி, நீயே இவன என்னன்னு கேளு சாமி. நாங்க சொன்னா காதுலயே ஏறமாட்டேங்குது"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க.

நான் கேட்டேன். பயபுள்ள ரெடியா பதில் வெச்சிருந்தான். "ராமானுஜனே இங்கிலீஷ்ல ஃபெயிலுங்ணா. அவரு காலேஜே முடிக்கல. அவருக்கு என்ன கொறைஞ்சு போச்சு?"

எங்க ஊருப்பக்கம் ராமானுஜன் பேரைச் சொன்னா யாரும் எதிர்த்துப் பேச முடியாது. ஈரோட்டுல பொறந்தவரு, அதனால எங்காளு :-) (பாட்டி வீட்டுல பொறந்தாரு, வளர்ந்ததெல்லாம் கும்பகோணம்னு தஞ்சாவூர்க்காரங்க சண்டைக்கு வருவாங்க. வரட்டும்.) எனக்கு அப்போ சட்டுன்னு பதில் வரல. "அவரும் நீயும் ஒண்ணாடா?"ன்னு கேட்டு வாயை அடைச்சிருக்கலாம். அது பதில் இல்லைன்னு எனக்கே தெரியும். திரும்பி வந்ததும் ராமானுஜன் வாழ்க்கையை மறுபடியும் எடுத்து வெச்சுப் படிச்சேன். தம்பி சொன்னதுல பொய் இல்லை. ஆனா அவன் கதையை நடுவுல இருந்து படிச்சிருக்கான்.

முதல்ல இருந்து வருவோம்.

ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22. அப்பா கும்பகோணத்துல ஒரு ஜவுளிக்கடையில கணக்கு எழுதுற குமாஸ்தா. மாசச் சம்பளம் 20 ரூபாய் அளவுதான். வீட்டுல ஒண்ணு ரெண்டு மாணவர்களை வெச்சு சாப்பாடு போட்டு, அந்தப் பணமும் சேர்ந்துதான் குடும்பம் ஓடியிருக்கு. 1897 நவம்பர்ல ஆரம்பப் பள்ளித் தேர்வு. ஆங்கிலம், தமிழ், பூகோளம், கணக்கு. அந்தத் தேர்வுல தஞ்சாவூர் மாவட்டத்துலயே முதலாவதா வந்தாரு. இன்னும் பத்து வயசு முடியல. அதுக்குப் பரிசா கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல்ல பாதிச் சம்பளத்துல படிக்கலாம்னு அனுமதி கிடைச்சது. அதாவது அவர் வாங்கின முதல் உதவித்தொகை கணக்குக்காக மட்டும் கிடைச்சது இல்லை.

1903 டிசம்பர்ல மெட்ரிகுலேஷன் பாஸ். 1904 தொடக்கத்துல கும்பகோணம் அரசுக் கல்லூரியில எஃப்.ஏ. வகுப்பு. (எஃப்.ஏ.ங்கிறது இப்போ நம்ம பிளஸ் டூ மாதிரின்னு வெச்சுக்கலாம், ஆனா அது கல்லூரியிலேயே நடக்கும்.) அங்க அவருக்கு சுப்பிரமணியம் ஸ்காலர்ஷிப் கிடைச்சது. இந்த இடத்தைத்தான் நான் தம்பிக்கு ரெண்டு தடவை படிச்சுக் காட்டினேன். அந்த ஸ்காலர்ஷிப், பொதுவா ஆங்கிலத்துலயும் கணக்குலயும் கெட்டிக்காரனா இருக்கிற மாணவனுக்குக் குடுக்கிறது. ஆங்கிலத்துலயும்! ஆக, ஆங்கிலமே வராத மேதைங்கிற பிம்பம் தப்பு. வரும். வந்திருக்கு. அதை வெச்சுத்தான் காலேஜுக்குள்ளயே போயிருக்காரு.

அப்புறம் என்ன ஆச்சு?

காலேஜ் சேர்றதுக்கு முந்தியே கார் என்கிற ஆங்கிலேயர் எழுதின ஒரு கணிதப் புத்தகம் அவர் கைக்குக் கிடைச்சது. சில ஆயிரம் தேற்றங்கள், வரிசையா, பெரும்பாலும் நிரூபணமே இல்லாம. லண்டன்ல பரிட்சைக்குத் தயார் பண்ற பசங்களுக்காக எழுதின ஒரு கைடு மாதிரியான புத்தகம் அது. நம்ம ஆளுக்கு அதுவே போதை ஆயிடுச்சு. எல்லாத்தையும் தானே நிரூபிச்சுப் பார்க்கணும்னு உட்கார்ந்துட்டாரு. வகுப்புல வாத்தியார் ரோமானிய வரலாறு நடத்தினாலும் இவர் நோட்டுல சூத்திரம்தான். வருஷக் கடைசியில மேல் வகுப்புக்குத் தேறல. ஆங்கிலத்துல அடி. ஸ்காலர்ஷிப் நின்னு போச்சு.

அம்மா கோமளத்தம்மாள் சும்மா இருக்கல. நேரா பிரின்சிபாலைப் பார்க்கப் போயிட்டாங்க. கணக்குல இவனுக்கு ஈடு யாரு, இவனுக்கு எப்படி நிறுத்தலாம்னு கேட்டிருக்காங்க. பிரின்சிபால் மரியாதையாத்தான் பேசியிருக்காரு, ஆனா விதி விதிதான்னு சொல்லிட்டாரு.

ஒரு டெர்முக்கு ஃபீஸ் 32 ரூபாய். அப்பா சம்பளம் 20. இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஸ்காலர்ஷிப்ங்கிறது பேப்பர்ல ஃபோட்டோ வர்ற விஷயம்னு நாம நினைக்கிறோம். அந்த வீட்டுல அது ஒன்றரை மாசச் சோறு.

1905ல வீட்டுல சொல்லாம கொள்ளாம ஓடிட்டாரு. விசாகப்பட்டினம் பக்கம். அப்போ வயசு 17. ஸ்காலர்ஷிப் போன ஏமாற்றம் ஒரு காரணம்னு அவரோட ஆசிரியர் சேஷு ஐயரே எழுதியிருக்காரு. கொஞ்ச நாள் அலைஞ்சுட்டுத் திரும்பி வந்து அதே காலேஜ்ல மறுபடி உட்கார்ந்தாரு. ஆனா வருகைப்பதிவு பத்தல. நம்ம பாஷையில சொன்னா அட்டெண்டன்ஸ் லேக்! அந்த வருஷமும் போச்சு. 1906ல சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்க உடம்புக்கு முடியாம போச்சு. அங்க இன்னொரு வில்லன் உடலியல் பாடம். செரிமானம் பத்தின கேள்விக்கு, இந்தப் பாடம் எனக்குச் செரிக்கலைன்னு விடைத்தாள்லயே எழுதி வெச்சாருன்னு ஒரு கதை உண்டு. கேட்கச் சிரிப்பா இருக்கும். 1907 டிசம்பர்ல தனித்தேர்வரா எழுதினப்பவும் எஃப்.ஏ. தேறல. அதோட படிப்பு முடிஞ்சது. 20 வயசு. கையில பட்டம் இல்லை, வேலை இல்லை, நோட்டுப் புத்தகம் மட்டும் இருக்கு.

தம்பியோட கதையில இதுக்கு அடுத்த பக்கமே கேம்பிரிட்ஜ். நிஜத்துல நடுவுல ஆறு வருஷத்துக்கு மேல இருக்கு. அந்த ஆறு வருஷத்தை யாரும் பசங்களுக்குச் சொல்றதில்லை.

டியூஷன் எடுத்துப் பார்த்தாரு, சரியா வரல. 1909ல கல்யாணம் ஆச்சு. 1910ல நோட்டைத் தூக்கிக்கிட்டு திருக்கோவிலூர் போய், அங்க டெபுடி கலெக்டரா இருந்த ராமஸ்வாமி ஐயரைப் பார்த்தாரு. இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கினவர் அவர். தன்னோட ஆபீஸ்ல ஒரு வேலை குடுத்தா இந்தத் திறமை வீணாயிடும்னு நினைச்சு, வேற ஆட்களுக்குக் கடிதம் எழுதி அனுப்பி வெச்சாரு. அப்படிச் சுத்திச் சுத்தி நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ்கிட்ட வந்து சேர்ந்தாரு. சவரம் பண்ணாத முகம், அழுக்கு உடை, கக்கத்துல கிழிஞ்ச நோட்டு, இப்படித்தான் வந்தாருன்னு ராவ் பின்னாடி நினைவு கூர்ந்திருக்காரு. என்ன வேணும்னு கேட்டதுக்கு, சாப்பாட்டுக்குக் கவலை இல்லாம கணக்குப் போட நேரம் வேணும்னு சொன்னாராம். ராவ் மாசம் 25 ரூபாய் தன் கைக்காசுல குடுத்தாரு. ஸ்காலர்ஷிப்புக்கும் முயற்சி நடந்தது, கிடைக்கல. எவ்வளவு நாளைக்கு ஒருத்தர் காசுல இருக்கிறதுன்னு ராமானுஜனுக்கே உறுத்தல். 1912 மார்ச் 1ல சென்னை துறைமுகத்துல குமாஸ்தா வேலை. சம்பளம் 30 ரூபாய்.

1913 ஜனவரி 16ல ஹார்டிக்குக் கடிதம் எழுதினதும், அவர் மிரண்டதும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, அதை விட்டுடறேன். எனக்குப் பிடிச்சது அதுக்கப்புறம் சென்னையில நடந்த கூத்து. வானிலை ஆய்வுத் துறைத் தலைவரா இருந்த கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தப்போ நோட்டைப் பார்த்துட்டு, பல்கலைக்கழகத்துக்கு எழுதினாரு. கணிதப் பாடக்குழு 1913 மார்ச்ல கூடி, மாசம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை ரெண்டு வருஷத்துக்குக் குடுக்கலாம்னு பரிந்துரை செஞ்சது. ஆனா விதி? முதுகலைப் பட்டம் இருந்தாத்தான் ஆராய்ச்சி உதவித்தொகை. இவரோ எஃப்.ஏ. கூட தேறாதவர். சிண்டிகேட்ல வாதம். கடைசியில, ஆராய்ச்சியை வளர்க்கிறதுதான் பல்கலைக்கழகத்தோட நோக்கம்னு அதை உருவாக்கின சட்டத்தோட முன்னுரையே சொல்லுதே, அப்புறம் என்னன்னு ஒரு வாதம் வெச்சு முடிச்சாங்க. 1913 மே மாசத்துல இருந்து 75 ரூபாய். மூணு மாசத்துக்கு ஒரு அறிக்கை குடுக்கணும்னு நிபந்தனை. மூணு அறிக்கை குடுத்தாரு. 1914 மார்ச் 17ல கப்பல் ஏறும்போது அதே பல்கலைக்கழகம் வருஷத்துக்கு 250 பவுண்டு குடுத்தது.

இதுல எனக்கு உறைச்சது என்னன்னா, ஆங்கிலத்துல தேறியிருந்தா தானா திறந்திருக்கக்கூடிய கதவை, எத்தனை பேர் சேர்ந்து தள்ள வேண்டியிருந்துச்சு பாருங்க. ராமஸ்வாமி ஐயர், சேஷு ஐயர், ராமச்சந்திர ராவ், துறைமுகத்துல நாராயண ஐயர், அங்க தலைவரா இருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங், வாக்கர், ஹார்டி, சென்னைக்கே வந்து பேசின நெவில். இவங்கள்ல ஒருத்தர் அன்னிக்கு லீவு போட்டிருந்தாக்கூட கதை மாறியிருக்கும். ராமானுஜன் ராமானுஜனா இருந்ததால எட்டுப் பேர் கிடைச்சாங்க. அதே கும்பகோணம் காலேஜ்ல அதே வருஷம் ஃபீஸ் கட்ட முடியாம நின்ன மத்த பசங்க பேரு நமக்குத் தெரியாது.

கல்லூரி செஞ்சது சரியா? ஒரே பரிட்சையை வெச்சு ஒருத்தனை வெளியே தள்ளுற விதி மேல எனக்கு மரியாதை கிடையாது. ஆனா அந்தப் பிரின்சிபால் மேல கோபமும் வரல. அந்தப் பணத்துக்கு அடுத்து ஒருத்தன் வரிசையில நின்னிருப்பான் இல்லையா? அவனும் ஏதோ ஒரு குமாஸ்தா மகனாத்தான் இருந்திருப்பான்.

இதை நான் தத்துவமா பேசல. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். நான் பிளஸ் டூ முடிச்சதும் ஒரு அறக்கட்டளை வருஷத்துக்கு 15,000 ரூபாய் தர்றதா சொன்னாங்க, நாலு வருஷத்துக்கு. வீட்டுல முதல் பட்டதாரிங்கிறதால கவுன்சிலிங்ல கல்விக் கட்டணச் சலுகை (2010ல வந்தது) ஏற்கெனவே உண்டு. ரெண்டும் சேர்ந்தா அப்பா ஹாஸ்டலுக்கு மட்டும் பார்த்தாப் போதும். அப்பா விசைத்தறி ஓட்டுறவர். அறக்கட்டளை நிபந்தனை ஒண்ணே ஒண்ணு: அரியர் வெக்கக் கூடாது. எனக்கு முதல் செமஸ்டர்ல சி லாங்குவேஜ் பைத்தியம் பிடிச்சுது. ராத்திரி முழுக்க ப்ரோக்ராம். இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் வகுப்புல தூக்கம். ரிசல்ட் வந்தப்போ கிராஃபிக்ஸ் அவுட். பணம் நின்னுச்சு. அவங்க மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது, கடிதத்துல முதல் வரியே அந்த நிபந்தனைதான்.

அப்பா என்னைத் திட்டல. அடுத்த வருஷம் முழுக்க ஞாயித்துக்கிழமையும் தறிக்குப் போனாரு. ஃபோன் பண்ணா பின்னாடி அந்த டடக்கு டடக்கு சத்தம் கேக்கும். நானா கேக்கல, அவரா சொல்லல. தம்பிகிட்ட முதல் தடவையா இதைச் சொன்னேன். பக்கத்துல சித்தி பலகாரம் சுட்டுட்டு இருந்தவங்க கரண்டியை வெச்சுட்டு நின்னுட்டாங்க. அவங்களுக்கும் தெரியாது போல.

ராமானுஜன் மட்டும்னு இல்லை. அம்பேத்கர் கதையும் இதே காலம்தான். பரோடா மகாராஜா சயாஜிராவ் மாசம் 25 ரூபாய் உதவித்தொகை குடுத்து பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில படிச்சாரு, 1912ல பி.ஏ. அடுத்த வருஷம் அதே சமஸ்தானத்தோட ஸ்காலர்ஷிப்ல கொலம்பியா பல்கலைக்கழகம். மாசம் பதினொன்றரை பவுண்டு, மூணு வருஷம், திரும்பி வந்து பத்து வருஷம் சமஸ்தானத்துல வேலை பார்க்கணும்னு ஒப்பந்தம். லண்டன்ல படிச்சுட்டு இருக்கும்போது பணம் முடிஞ்சு போச்சு, 1917ல பாதியில திரும்பினாரு. தனியா அனுப்பின புத்தகங்கள் கப்பலோட மூழ்கிடுச்சு, முதல் உலகப்போர்ல ஜெர்மன்காரன் அடிச்சதுல. பரோடாவுல வேலைக்குச் சேர்ந்தா, தங்க ஒரு இடம் குடுக்க ஊர்ல ஆள் இல்லை. சாதியை மறைச்சு ஒரு பார்சி விடுதியில தங்கி, அது தெரிஞ்சதும் தடியோட வந்து துரத்தினாங்க. கொலம்பியாவுல எம்.ஏ. வாங்கின மனுஷனுக்கு. ஸ்காலர்ஷிப் எல்லாத்தையும் சரி பண்ணிடும்னு நினைக்கிறவங்க இந்தப் பகுதியைத் தாண்டிப் போகக் கூடாது. பம்பாய்ல வாத்தியார் வேலை பார்த்துக் காசு சேர்த்து, கொஞ்சம் கடனும் வாங்கி, 1920ல மறுபடி லண்டன் போய் விட்டதை முடிச்சாரு.

வைஸ்ராய் நிர்வாகக் குழுவுல உறுப்பினரா இருந்தப்போ அவர் வாதாடினதுல, 1944ல பட்டியல் சாதி மாணவர்களுக்கு மெட்ரிக்குக்கு மேல படிக்க மத்திய அரசு உதவித்தொகை தொடங்குச்சு. காலேஜ் ஆபீஸ்ல போஸ்ட் மெட்ரிக் ஃபார்ம்னு வரிசையில நிப்போமே, அதோட வேர் அதுதான். என் ரூம்மேட் நாலு வருஷமும் அந்த வரிசையில நின்னான். அது எங்கிருந்து வந்துச்சுன்னு எங்க ரெண்டு பேருக்குமே அப்போ தெரியாது.

கலாம் கதை நீங்க எல்லாரும் படிச்சிருப்பீங்க. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில சேர அக்கா ஜொஹரா நகையை அடகு வெச்சது, டிசைன் திருப்தியா இல்லைன்னு மூணு நாள் கெடு குடுத்து, முடிக்கலைன்னா ஸ்காலர்ஷிப் நிறுத்திடுவேன்னு பேராசிரியர் சொன்னது. அதனால நீட்டல.

மறுபடி ராமானுஜனுக்கு வர்றேன், ஏன்னா தம்பிக்கு நான் அனுப்பின கடைசி விஷயம் அதுதான். 1918 கடைசியில சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு எழுதுச்சு: இந்தியா திரும்பினதும் வருஷத்துக்கு 250 பவுண்டு, அஞ்சு வருஷத்துக்கு. அன்னிக்குக் கணக்குல மாசம் 300 ரூபாய்க்கு மேல. அப்போ அவர் ராயல் சொசைட்டி ஃபெல்லோ, டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோ, உடம்பு மட்டும் ஒண்ணுமில்லாம போயிருச்சு. 1919 ஜனவரி 11ல லண்டன் பட்னியில இருந்து பதிவாளருக்குப் பதில் எழுதினாரு. நன்றி சொல்லிட்டு, இவ்வளவு பணம் எனக்குத் தேவைக்கு அதிகம்னு ஆரம்பிக்கிறாரு. வருஷம் 50 பவுண்டு அப்பா அம்மாவுக்குப் போகட்டும், என் அவசியச் செலவு போக மிச்சம் கல்விக்குப் போகட்டும்ங்கிறாரு. எந்தக் கல்விக்குன்னும் சொல்றாரு: ஏழைப் பசங்களுக்கும் அனாதைப் பசங்களுக்கும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்க, பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்க.

பாதிச் சம்பளத்துல படிச்ச பத்து வயசுப் பையனும், 32 ரூபாய்க்கு அலைஞ்ச பதினேழு வயசுப் பையனும் அந்தக் கடிதத்துல இருக்காங்கன்னு எனக்குத் தோணுச்சு. 15 மாசம் கழிச்சு, 1920 ஏப்ரல் 26ல சேத்துப்பட்டுல இறந்துட்டாரு. 32 வயசு. 

இப்போ அரசுப் பள்ளிப் பசங்களுக்கு வழி கொஞ்சம் கூடியிருக்கு. எட்டாவதுல எழுதுற தேசிய வருவாய் வழித் தேர்வுல தேறினா ஒன்பதுல இருந்து பன்னிரண்டு வரைக்கும் மாசம் 1000 ரூபாய். (தம்பி அதை எழுதவே இல்லை. பள்ளியில சொன்னாங்களாம், இவர் ஃபார்ம் வாங்கலையாம்.) 2021ல இருந்து இன்ஜினியரிங்ல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அதுல சேர்றவங்களுக்குக் கட்டணத்தை அரசே கட்டுது. அதுக்குப் போட்டி கட் ஆஃப்ல. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. ஆங்கிலம் கட் ஆஃப்ல சேராதுன்னு தம்பி புத்திசாலித்தனமா சொன்னான். 35 எடுக்கலைன்னா கட் ஆஃப் எதுக்குடான்னேன். அந்த 38க்கு மட்டும் அவன்கிட்ட வியாக்கியானம் இல்லை.

இதெல்லாம் வாட்ஸப்ல துண்டு துண்டா அனுப்பினேன். ரெண்டு நாள் பதிலே இல்லை. ப்ளூ டிக் மட்டும். நாமதான் ஓவரா மொக்கை போட்டுட்டோமோன்னு நினைச்சேன். மூணாவது நாள் ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டான்.

"பெரியப்பா ஞாயித்துக்கெழம போனது உங்க ஃபீஸுக்குத்தானாங்ணா?"

ஆமான்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"கெமிஸ்ட்ரில மோல் கான்செப்ட் சுத்தமா புரியலிங்ணா. நீங்க சனிக்கெழம வருவீங்களா?"

டிக்கெட் போட்டாச்சு. எனக்கே மோல் கான்செப்ட் பாதி மறந்து போச்சு, பழைய புத்தகத்தை எங்க வெச்சேன்னு தேடிட்டு இருக்கேன்.